அயர்ன் மேன் யார் குரலில் பேச வேண்டும்?

2019 ஏப்ரல். ‘அவெஞ்சர்ஸ்: எண்ட்கேம்’ திரைக்கு வரச் சில வாரங்களே இருந்தன. தமிழ்ப் பதிப்பில் அயர்ன் மேனுக்கு விஜய் சேதுபதி குரல் கொடுக்கிறார், பிளாக் விடோவுக்கு ஆண்ட்ரியா ஜெரமையா, வசனம் ஏ.ஆர். முருகதாஸ் என்று அறிவித்தார்கள். இந்தி, தமிழ், தெலுங்கு மூன்றிலும் ஏ.ஆர். ரஹ்மான் ஒரு மார்வெல் கீதமே இசையமைத்திருந்தார். நான்கு பெரிய பெயர்கள் ஒரு ஹாலிவுட் படத்துக்காகச் சேர்ந்திருந்தன. கொண்டாட்டமாக முடிந்திருக்க வேண்டிய விஷயம், தமிழ் முன்னோட்டம் வந்ததும் மனக்குறையாக மாறிவிட்டது. பழைய குரலையே திரும்பக் கொடுங்கள் என்று ரசிகர்கள் கேட்டார்கள். அந்தப் பழைய குரல் யாருடையது என்று, அப்படிக் கேட்டவர்களில் எனக்குத் தெரிந்த ஒருவருக்கும் தெரியாது. முகமும் பெயரும் அறியாத ஒரு டப்பிங் கலைஞருக்காக, தாங்கள் மனசார நேசிக்கும் நடிகரை வேண்டாம் என்றார்கள்.

இந்த நிகழ்ச்சியை நான் ஒரு கேள்வியாகவே வைத்திருக்கிறேன். பல ஆண்டுகள் ஓடும் ஒரு தொடரில் முகம் மாறும், குரல் மாறும், நாயகன் சாவான், வேறொருவர் அவன் கவசத்தை எடுத்து மாட்டிக்கொள்வார். இவற்றில் சிலவற்றை ரசிகர்கள் கண்ணீரோடு ஏற்கிறார்கள், சிலவற்றைக் கோபத்தோடு தள்ளுகிறார்கள். எதை ஏற்பது, எதைத் தள்ளுவது என்பதற்கு ஒரு கணக்கு இருக்கிறதா? இருக்கிறது என்றே நினைக்கிறேன். தாம்பரம் சுற்றுவட்டாரத்தில் படம் பார்த்தவர்களை நினைத்துப் பார்த்தால் அந்தக் கணக்கு இன்னும் தெளிவாகத் தெரிகிறது.

இந்தப் பகுதியில் சூப்பர் ஹீரோ படத்துக்கு இரண்டு வாசல்கள். ஒன்று ஜி.எஸ்.டி. சாலையை ஒட்டியது. குரோம்பேட்டையின் வெற்றி, தாம்பரத்தின் வித்யா, எம்.ஆர். என்று நம் நட்சத்திரங்களின் படங்களுக்குப் பழகிய அரங்குகள் இந்தப் பக்கம். இங்கே ஹாலிவுட் படம் என்றால் பெரும்பாலும் தமிழில்தான். இன்னொன்று வேளச்சேரி ஃபீனிக்ஸ் மாலின் ஐமேக்ஸ் திரை, நாவலூர் ஏ.ஜி.எஸ்., கிழக்குக் கடற்கரைச் சாலையின் மாயாஜால், 2023 பிப்ரவரியில் மீனம்பாக்கம் விமான நிலைய வளாகத்துக்குள்ளேயே திறந்த பி.வி.ஆர். இங்கே ஆங்கிலம். மேடவாக்கம் வழியாக வேளச்சேரிக்கு ஷேர் ஆட்டோவில் போய் ஆங்கிலத்தில் பார்த்துவிட்டு, அடுத்த வாரம் தம்பி தங்கைகளைக் கூட்டிக்கொண்டு தமிழில் பார்க்கும் கல்லூரிப் பிள்ளைகள் சேலையூரிலும் சிட்லபாக்கத்திலும் நிறைய உண்டு. சென்னை மல்ட்டிபிளெக்ஸில் சாதாரண இருக்கை பல ஆண்டுகளாக 190 ரூபாயை ஒட்டியே நின்றது இதற்கு உதவியது. மும்பையிலோ பெங்களூரிலோ ஒரு மாணவனால் ஒரே படத்தை இரண்டு மொழியில் பார்ப்பது இவ்வளவு எளிதல்ல.

இரண்டு வாசல் வழியாக வருபவர்களும் ஒரே நாயகனைப் பார்ப்பதில்லை. ஆங்கிலத்தில் பார்ப்பவருக்கு டோனி ஸ்டார்க் என்றால் ராபர்ட் டவுனி ஜூனியர், முழுதாக. தமிழில் பார்ப்பவருக்கு அவன் பாதி டவுனி, மறுபாதி வடபழனிப் பக்கம் ஏதோ ஒரு டப்பிங் தியேட்டரில் மைக் முன் நின்று பேசிய மனிதர். 2019இல் எழுந்த முணுமுணுப்பு இந்த மறுபாதியைப் பற்றியது.

தமிழ் வாசகருக்கு இப்படிப் பாதி அயல், பாதி உள்ளூர் நாயகர்கள் புதிதல்ல. 1972இல் சிவகாசியிலிருந்து முத்து காமிக்ஸ் தன் முதல் இதழாகவே ‘இரும்புக்கை மாயாவி’யைக் கொண்டுவந்தது. பிரிட்டிஷ் இதழ் ஒன்றில் வந்த கதை அது. மின்சாரம் பாய்ந்தால் உடல் மறைந்துபோகும், இரும்புக் கை மட்டும் தெரியும். மாயாவியின் ஆங்கிலப் பெயரை அவர் வாசகர்களில் பலர் கேட்டதுகூட இல்லை. மாயாவி என்ற தமிழ்ப் பெயரும், அந்தக் கால மொழிபெயர்ப்பின் விறைப்பான, அடுக்கடுக்கான நடையும்தான் அவர்களுக்கு நாயகன். 1984இல் தொடங்கிய லயன் காமிக்ஸின் ஆசிரியர் எஸ். விஜயன் காலம் முழுக்க வாசகர் கடிதங்களோடு மல்லுக்கட்டி வந்தவர். அவருடைய வாசகர்கள் புதிய ஐரோப்பியக் கதைகளை வண்ணத்தில் வாங்குகிறார்கள். கூடவே மாயாவியின் மறுபதிப்பையும் விடாமல் கேட்கிறார்கள். ஐம்பது ஆண்டுகளாக ஒரு தொடரின் ரசிகர்கள் எப்படி நடந்துகொள்வார்கள் என்று அறிய கலிபோர்னியாவுக்குப் போக வேண்டியதில்லை. நந்தனத்தில் புத்தகக் காட்சி நடக்கும்போது லயன் காமிக்ஸ் அரங்கில் பத்து நிமிடம் நின்றால் போதும்.

திரையில் இந்த வழக்கத்தை ஊர் முழுக்கப் பரப்பியது 2002இன் ‘ஸ்பைடர் மேன்’. ஆங்கிலத்தோடு இந்தி, தமிழ், தெலுங்கிலும் வந்த படம். 2007இல் மூன்றாம் பாகம் போஜ்புரியிலும் வந்தது. ஆனால் மார்வெல் தொடர் புறநகர்த் திரையரங்குகளில் நம் நட்சத்திரப் படத்துக்கு நிகராக நின்றது 2018இல்தான். அதற்கு ஒரு காரணம் பலருக்கு மறந்துவிட்டது. அந்த ஆண்டு மார்ச் 1 முதல் தயாரிப்பாளர் சங்கம், டிஜிட்டல் திரையிடல் கட்டணத்தை எதிர்த்துப் புதுப்படங்களை நிறுத்தியது. ஒன்றரை மாதத்துக்கு மேல் புதுத் தமிழ்ப் படமே இல்லை. ஏப்ரல் மூன்றாம் வாரத்தில் வேலைநிறுத்தம் முடிந்தது; 27ஆம் தேதி ‘இன்ஃபினிட்டி வார்’ வந்தது. பட்டினி கிடந்த திரைகள், கோடை விடுமுறை. அன்று தமிழில் வில்லன் தானோஸைப் பார்த்துவிட்டு, பாதி உலகம் தூளாகிப்போன முடிவில் பேச்சற்று வெளியே வந்த பள்ளிப் பிள்ளைகளுக்கு அடுத்த ஓராண்டு முழுக்க அதே பேச்சு. யார் திரும்ப வருவார்கள், எப்படி வருவார்கள் என்று பேசிப் பேசியே அவர்கள் அந்தக் கதையைத் தங்களுடையதாக்கிக்கொண்டார்கள். மறு ஆண்டு ‘எண்ட்கேம்’ வந்தபோது ‘காஞ்சனா 3’ இரண்டாவது வாரத்தில் இருந்தது. அப்படியும் மூன்று மணி நேரப் படத்துக்கு இடம் கிடைத்தது.

இப்போது குரலுக்கு வருகிறேன். எனக்கு முக்கியமான இடம் இதுதான். விஜய் சேதுபதி மோசமாகப் பேசினார் என்று நான் சொல்ல மாட்டேன். ‘96’, ‘பேட்ட’, ‘சூப்பர் டீலக்ஸ்’ என்று ஆறே மாதத்தில் மூன்று படங்களில் தமிழ்நாடு அவர் பேச்சைக் காதில் வாங்கியிருந்தது. சொல்லை இழுத்து, நடுவில் மூச்சுவிட்டு, யோசித்துப் பேசுவது அவர் பாணி. அதன் அழகே அந்தத் தாமதம்தான். டவுனியின் டோனி ஸ்டார்க் நேர் எதிர். எதிரில் இருப்பவர் வாக்கியத்தை முடிக்கும் முன்பே தன் வாக்கியத்தைச் சொருகிவிடுவான், ஒரு மூச்சில் கிண்டலும் அறிவியலும் பயமும் சேர்ந்து வரும். உதடு அந்த வேகத்தில் அசைகிறது. குரல் வேறு வேகத்தில் நடக்கிறது. டப்பிங் கலைஞர்கள் உதட்டுக்கு ஒத்துப்போவதைத் தொழிலாக ஆண்டுக்கணக்கில் பழகுகிறவர்கள். பிற நடிகனின் மூச்சைத் தன் மூச்சாக்கிக்கொள்வது தனி வித்தை. நல்ல நடிகர் என்பதாலேயே அது வந்துவிடாது.

இன்னொன்றும் நடந்தது. நட்சத்திரத்தின் குரல் வந்தால் நட்சத்திரமும் கூடவே வந்து உட்கார்ந்துகொள்கிறார். கவசத்துக்குள் டோனியைத் தேடியவர்களுக்கு விஜய் சேதுபதி தெரிந்தார். பெயர் தெரியாத கலைஞரின் பலமே அவர் பெயர் தெரியாததுதான். அவர் டோனியாக மட்டுமே இருந்தார். பதினோரு ஆண்டுகள், இருபத்திரண்டு படங்கள் ஓடிய தொடரின் உச்சத்தில், நாயகன் விடைபெறப்போகும் படத்தில் அந்தக் குரலை எடுத்துவிட்டார்கள். கடைசிக் காட்சிக்கு உரிமையுள்ள ஆளை வாசலில் நிறுத்திவிட்டது போல இருந்தது.

பக்கத்தில் தெலுங்கைப் பாருங்கள். ரஜினிகாந்துக்குத் தெலுங்கில் பல ஆண்டுகளாக மனோ குரல் கொடுக்கிறார். கமலுக்கு எஸ்.பி. பாலசுப்ரமணியம் கொடுத்தார், ‘தசாவதாரம்’ தெலுங்குப் பதிப்பில் பல வேடங்களுக்கு அவர் ஒருவரே பேசினார். இருவரும் தங்கள் பெயரில் பெரும் புகழ் பெற்ற பாடகர்கள். ஆனாலும் தெலுங்கு ரசிகர் ரஜினி என்றால் மனோவின் பேச்சையே காதில் கேட்கிறார். ஆகவே குரல் கொடுப்பவர் புகழ்பெற்றவர் என்பது தடை அல்ல. தொடர்ந்து வருகிறாரா என்பதுதான் கேள்வி.

‘எண்ட்கேம்’ வந்த அதே 2019இல் வெளியான ‘தி லயன் கிங்’ தமிழ்ப் பதிப்பும் இதற்குச் சாட்சி. சிம்பாவுக்கு சித்தார்த், ஸ்காருக்கு அரவிந்த் சாமி, பும்பாவுக்கு ரோபோ சங்கர், டிமோனுக்கு சிங்கம்புலி. எல்லாம் தெரிந்த குரல்கள். ஒருவரும் முகம் சுளிக்கவில்லை. காட்டுப்பன்றியும் கீரியும் நம் ஊர் நகைச்சுவையில் அடித்துக்கொண்டதைக் குழந்தைகள் விழுந்து விழுந்து ரசித்தார்கள். 2024 டிசம்பரில் ‘முஃபாசா’ வந்தபோது ரோபோ சங்கரையும் சிங்கம்புலியையும் மாற்றாமல் வைத்தார்கள்; முஃபாசாவுக்கு அர்ஜுன் தாஸின் ஆழ்ந்த குரல். யாரோ பாடம் கற்றிருக்கிறார்கள் என்று எனக்குத் தோன்றியது. புதிதாகக் கட்டும் வீட்டில் எந்த ஜன்னலை எங்கே வைத்தாலும் கேட்பாரில்லை. இருபது வருடம் குடியிருந்த வீட்டில் ஜன்னலை அடைத்தால்தான் மூச்சு முட்டும்.

ரசிகர்களுக்கு மாற்றமே பிடிக்காது என்று தயாரிப்பாளர்கள் சலித்துக்கொள்வது உண்டு. இது உண்மை அல்ல. 2010இல் ‘அயர்ன் மேன் 2’ வந்தபோது ரோட்ஸ் பாத்திரத்தில் டெரன்ஸ் ஹோவர்டுக்குப் பதில் டான் சீடில் வந்தார். 2012இல் ஹல்க்காக எட்வர்ட் நார்ட்டனுக்குப் பதில் மார்க் ரஃபலோ. இரண்டும் சுவடில்லாமல் ஆறிப்போயின, ஏனென்றால் தொடர் அப்போது இளங்கன்று. யாரும் அந்த முகங்களோடு வாழ்ந்திருக்கவில்லை. அதே போல, 1989இன் ‘பேட்மேன்’ படத்துக்கு நகைச்சுவை நடிகராக அறியப்பட்ட மைக்கேல் கீட்டனைத் தேர்ந்தெடுத்தபோது வார்னர் நிறுவனத்துக்கு 50,000 எதிர்ப்புக் கடிதங்கள் போயின. படம் பார்த்ததும் எதிர்ப்பு அடங்கியது. பார்க்கும் முன் எழும் சத்தத்துக்கும் பார்த்தபின் நிற்கும் வருத்தத்துக்கும் உள்ள வேறுபாட்டை நாம் பிரித்தறிய வேண்டும். விஜய் சேதுபதி விஷயத்தில், நான் பேசிய அளவில், வருத்தம் படம் முடிந்தபிறகும் நின்றது.

சாவை எடுத்துக்கொள்வோம். 1962இல் வந்த ‘பாசம்’ படத்தில் எம்.ஜி.ஆர். இறந்துபோவார். படம் எதிர்பார்த்தபடி ஓடாததற்கு அந்தச் சாவையே காரணமாகச் சொல்வார்கள். தலைவர் திரையில் சாகக் கூடாது என்ற சட்டத்தை எழுதியவர்கள் ரசிகர்கள். அந்தத் தலைமுறையின் பேரப்பிள்ளைகள் 2019இல் டோனி ஸ்டார்க் செத்ததைப் பார்த்தார்கள். அரங்கில் விசும்பல் கேட்டது, பின் கைதட்டல். ஏன் அவர்கள் எழுந்து போகவில்லை? முதல் படத்தில் தன்னைத் தவிர யாரையும் நினைக்காத ஓர் ஆயுத வியாபாரி, கடைசியில் எல்லோருக்காகவும் விரலைச் சொடுக்குகிறான். அந்த மரணம் முதல் படத்திலேயே விதைக்கப்பட்டது. கதை தன் வாக்கைக் காப்பாற்றியது. வாக்கைக் காப்பாற்றும் மரணத்தை ரசிகன் தாங்குவான். 2020 ஆகஸ்டில் சாட்விக் போஸ்மேன் நிஜமாகவே இறந்தபோது, பிளாக் பேந்தர் பாத்திரத்தில் வேறொருவரைப் போடாமல், 2022இன் ‘வக்காண்டா ஃபாரெவர்’ படத்தையே துக்க வீடாக்கினார்கள். அந்த முடிவை வேண்டாம் என்றவர்களும் உண்டு. தனிப்பட்ட முறையில், அந்தத் தொடரில் என்னை மிகவும் கலங்கவைத்த அரைமணி நேரம் அதன் தொடக்கம்தான்.

‘எண்ட்கேம்’ வரை மார்வெல் நம் திரையரங்கில் ஒரு வழக்கத்தையே புகுத்தியிருந்தது. பெயர் ஓடத் தொடங்கினால் எழுந்துவிடுவது நம் பழக்கம். விளக்கைப் போட்டு, கதவைத் திறந்து, சில சமயம் புரொஜெக்டரையே நிறுத்திவிடுவார்கள். ஜி.எஸ்.டி. சாலையோர அரங்கு ஒன்றில் அப்படி நிறுத்தியபோது, முன்வரிசைப் பையன்கள் இருபது பேர் உட்கார்ந்த இடத்தை விட்டு அசையாமல், இன்னொரு சீன் இருக்கு அண்ணா, போடுங்க என்று கேட்டு வாங்கியதை நேரில் பார்த்திருக்கிறேன். துடைப்பத்தோடு வந்த அம்மாவும் நின்று அந்தக் காட்சியைப் பார்த்தார். அடுத்த படத்துக்கான விதையை இந்தப் படத்தின் வாலில் ஒளித்துவைக்கும் அந்த உத்தி, ரசிகனுக்கு ஒரு மரியாதை: நீ காத்திருப்பாய் என்று எங்களுக்குத் தெரியும். லோகேஷ் கனகராஜ் ‘கைதி’யையும் ‘விக்ரம்’ படத்தையும் கோத்து, முடிவில் ரோலக்ஸாக சூர்யாவை இறக்கியபோது 2022இல் அரங்குகள் அதிர்ந்ததற்கு, அந்தப் பையன்கள் பெற்ற பயிற்சியும் காரணம்.

2021க்குப் பிறகு இந்த மரியாதை ஒரு சுமையாக மாறியது. தொடர்கள் ஓடிடிக்கு வந்தன. ‘டாக்டர் ஸ்ட்ரேஞ்ச்’ இரண்டாம் படத்தில் வாண்டா ஏன் அப்படி ஆனாள் என்று புரிய ‘வாண்டாவிஷன்’ தொடரைப் பார்த்திருக்க வேண்டும். வேளச்சேரி வாசலில் வருபவர் வீட்டில் சந்தா இருக்கும், பார்த்திருப்பார். வித்யாவுக்கு வருபவரிடம் அது இருக்கும் என்று சொல்ல முடியாது. அதுவரை டிக்கெட் ஒன்று போதும். இப்போது வீட்டுப்பாடம் முடித்துவிட்டு வரச் சொல்கிறார்கள். தமிழில் பார்த்துவந்த கூட்டம் சத்தம் போடாமல் விலகத் தொடங்கியதற்கு இதுவே முதற்காரணம் என்பது என் முடிவு. படங்களையும் தொடர்களையும் குவித்ததால் கவனம் சிதறியது என்று டிஸ்னியின் தலைவர் பாப் ஐகரே 2023இல் ஒப்புக்கொண்டார்.

அந்த விலகலை ஒரு தீபாவளி காட்டியது. 2023 நவம்பர் 10 அன்று ‘தி மார்வெல்ஸ்’ வந்தது. அதே நாளில் ‘ஜிகர்தண்டா டபுள்எக்ஸ்’, ‘ஜப்பான்’ இரண்டும் வந்தன. பண்டிகைக்குப் புதுத்துணி போட்டுக்கொண்டு கிளம்பிய குடும்பங்களில் மார்வெல் பக்கம் திரும்பியவர்கள் குறைவு. உலக அளவிலும் அந்தத் தொடரிலேயே மிகக் குறைந்த வசூல் அதற்குத்தான், 20 கோடி டாலரைச் சற்றே தாண்டியது. நேர்மாறாக, 2021 டிசம்பர் 16இல், அமெரிக்காவுக்கு ஒரு நாள் முன்பே இங்கு வந்த ‘ஸ்பைடர் மேன்: நோ வே ஹோம்’ படத்தை நினைத்துப் பாருங்கள். முந்தைய ஸ்பைடர் மேன்களான டோபி மக்வயரும் ஆண்ட்ரூ கார்ஃபீல்டும் நடந்துவந்தபோது, 2002இல் அப்பா தோளில் உட்கார்ந்து பார்த்தவர்கள் நாற்காலி மேல் ஏறினார்கள். அந்தப் படம் கேட்ட வீட்டுப்பாடம் எல்லோரிடமும் ஏற்கெனவே முடிந்திருந்தது: அவர்களுடைய குழந்தைப் பருவம்.

ஒரு கசப்பையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். ரசிகர் கோபம் என்ற பெயரில் வருவதெல்லாம் தொடரின் மீதான அன்பு அல்ல. 2019இல் ‘கேப்டன் மார்வெல்’ வெளிவரும் முன்பே, படம் பார்க்காதவர்கள் அதன் நாயகி மீது வன்மத்தைக் கொட்டியதால், ராட்டன் டொமேட்டோஸ் தளம் வெளியீட்டுக்கு முன் கருத்திடும் வசதியையே எடுத்துவிட்டது. நம் பையன்களிடமும் அந்தத் தொற்று இருந்தது. பெண் எப்படி அவ்வளவு பலசாலி ஆகலாம் என்று கேட்டவர்களோடு நான் வாதாடியிருக்கிறேன். ஆனால் 2025 ஆகஸ்டில் கல்யாணி பிரியதர்ஷன் நடித்த மலையாளப் படமான ‘லோகா’ தமிழிலும் வந்தபோது, அதே வயதுப் பையன்கள் விசிலடித்துப் பார்த்தார்கள். அந்தப் படத்தின் நாயகியான கள்ளியங்காட்டு நீலி அவர்கள் பாட்டி சொன்ன கதைக்குப் பக்கத்து வீட்டுக்காரி. நாயகி பெண் என்பது அவர்களுக்குத் தடையாக இருக்கவில்லை.

ரசிகர் சொல்லைக் கேட்டால் படைப்பு கெடும் என்பது ஒரு பழைய பயம். கெட்டதும் உண்டு. ஆனால் 2024 ஜூலையில் ‘இந்தியன் 2’ நீளம் என்று பார்த்தவர்கள் சொன்னதும் 12 நிமிடங்களை வெட்டினார்கள். அதே ஆண்டு நவம்பரில் ‘கங்குவா’வின் இரைச்சல் காதைக் கிழிக்கிறது என்றதும் ஒலி அளவைக் குறைக்கச் சொன்னார் தயாரிப்பாளர். இரண்டு படங்களையும் அது காப்பாற்றவில்லை என்பது வேறு விஷயம். நீளத்தையும் ஒலியையும் பற்றி ரசிகன் சொன்னால் கேட்கும் தொழில், குரலைப் பற்றிச் சொன்னபோது கேட்கவில்லை. டப்பிங் கலைஞர்களுக்கு சென்னையில் சங்கம் இருக்கிறது, பல ஆண்டு அனுபவம் இருக்கிறது. சுவரொட்டியில் பெயர் மட்டும் இருப்பதில்லை. பெயர் அங்கே இருந்திருந்தால், 2019இல் அந்தப் பிள்ளைகள் யாரைத் திரும்பக் கேட்கிறோம் என்று பெயர் சொல்லியே கேட்டிருப்பார்கள்.

2024 ஜூலையில் சான் டியேகோ மேடையில் பச்சை அங்கி போட்ட ஒருவர் உலோக முகமூடியைக் கழற்றினார். உள்ளே டவுனி. இம்முறை அயர்ன் மேனாக அல்ல, டாக்டர் டூம் என்னும் வில்லனாக. ‘அவெஞ்சர்ஸ்: டூம்ஸ்டே’ 2026 டிசம்பர் 18இல் வருவதாகத் தேதி குறித்திருக்கிறார்கள். டோனியின் மரணத்தை இது மலிவாக்கும் என்று குமுறுகிறவர்களும், அந்த முகத்தை மறுபடி பார்த்தால் போதும் என்கிறவர்களும் எங்கள் தெருவிலேயே இருக்கிறார்கள். எனக்கு இரண்டு பக்கமும் நியாயம் தெரிகிறது. ஆனால் என் மனதில் ஓடுவது தமிழ்ப் பதிப்பு. முகம் டோனியுடையது, ஆள் வேறு. குரல் யாருடையது? பழைய டோனியின் குரலையே கொடுத்தால், இறந்தவன் பேசுவது போல முதுகு சிலிர்க்கும். கதைக்கு அதுதான் வேண்டும் என்றால் அதைப் போல இன்னொன்று அமையாது. புதுக் குரல் கொடுத்தால், இவன் அவன் இல்லை என்று முதல் வாக்கியத்திலேயே தெரிந்துவிடும். அதற்கும் நியாயம் உண்டு. மூல நடிகரின் ஒரே குரலைக் கேட்கும் ஆங்கிலப் பார்வையாளருக்கு இந்தத் தேர்வே கிடையாது. இது தமிழ் போன்ற டப்பிங் பதிப்புகளுக்கு மட்டும் வாய்த்த வாய்ப்பு. டூம் காமிக்ஸில் பெரும்பாலும் முகமூடியைக் கழற்றாதவன். படத்திலும் பெரும்பொழுது அப்படியே இருந்தால் திரையில் தெரிவதற்கு முகம்கூட இருக்காது. மாயாவியின் இரும்புக் கை போல, அந்தக் குரல் ஒன்றுதான் நமக்குக் கிடைக்கும்.